கோடுன்னு சொல்லுங்க

"வெடிப்புன்னு சொல்லாதீங்க, கோடுன்னு சொல்லுங்க" என்ற குரல் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்; பதுளையில் இரண்டு கடை போட்டதே இந்தக் காதை வைத்துத்தான். லுணுகலை பஸ், வெளியே விடாத மழை. பேசியவர் முன் சீட்டில் இருந்த கிராம சேவகர். பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் நின்றார்.

"கோட்டுக்குள்ள என் கை போகுதுங்க சார். நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால மலையே பொளந்து நிக்கிது."

"வெடிப்புன்னு நான் அறிவிச்சா உங்கள அங்கருந்து எழுப்பணும். எழுப்புனா வீடு கட்ட வேற காணி குடுக்கணும். காணி எங்க இருக்கு? இத ஏன் கிளப்புனன்னு மேல உள்ளவங்க என்னயத் தூக்கி எங்கயாச்சும் போட்டுருவாங்க."

"சரிஞ்சா?"

"சரிஞ்சா அது இயற்கை. என்னய யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த அம்மா போனை எடுத்தார்.

"செல்வி, லயத்துல எல்லாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லு. மலை வெடிச்சிருக்கு. கிராம சேவகரே எழும்பச் சொல்லிட்டாரு."

கிராம சேவகர் பாதி எழுந்துவிட்டார். "நான் எப்ப சொன்னேன்?"

"வெடிப்புன்னா எழுப்பணும்னு இப்பதானே சொன்னீங்க. பஸ்ஸே கேட்டுச்சே சார்."