பதிமூன்று கெளுத்திக் குஞ்சுகள் பற்றிய விசாரணை

— “2025-ஆம் ஆண்டு செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்து மணிக்கும் ஆறேகாலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மாட்டுங்காவில், இக்கட்டடத்தின் இரண்டாம் மாடி ஏழாம் எண் வீட்டுக் குளியலறையில், மனுதாரர் வைத்தீஸ்வரன் இருபத்திரண்டு நாட்களாக வளர்த்துவந்த வரிக் கெளுத்திக் குஞ்சுகள் பதிமூன்றும், அவை இருந்த நீலத் தொட்டியின் நீரோடு சேர்த்து, மனுதாரரின் மனைவி பத்மஜாவால் சாக்கடையில் கொட்டப்பட்டன.”

— அரே வைத்தி, இதையே மூணாவது தடவை வாசிக்கறே! சொசைட்டி செக்ரட்டரின்னா பைப் லீக், பார்க்கிங் ஜகடா, இதெல்லாம் பார்ப்பேன். மீன் குஞ்சு கேஸுக்குமா இந்த ஜம்பு?

— இந்தக் கட்டடத்துல நடுநிலையான ஆள் நீ ஒருத்தன்தான். விசாரிச்சு, தீர்மானத்தை எழுது.

— எனக்குத் தமிழ் எழுத வராது தோஸ்த். பேசத்தான் வரும். நான் சொல்றேன், நீயே எழுது.

— புகாரும் அவரே, எழுத்தரும் அவரே. பேஷ்! ஜம்பு அண்ணா, காப்பி ஆறிப்போறது, முதல்ல அதைக் குடிங்கோ.

— கேலி வேண்டாம், பத்மஜா. கேட்டதுக்குப் பதில். தொட்டி ஜலத்தைக் கொட்டினயா, இல்லையா?

— கொட்டினேன்.

— கேட்டியா ஜம்பு? குரல்ல துளி வருத்தம் இருக்கா பாரு. நாலு வருஷம் காத்துண்டிருந்தேன்! கறுப்பும் வெள்ளையுமா, உடம்பு பூரா வரி. பம்பாய்ல அதை வீட்டுல முட்டை போடவெச்சவாளை விரல் விட்டு எண்ணிடலாம்.

— ஏன் கொட்டினேன்னு கேக்கத் தோணலையா?

— நான் கேக்கறேன் பத்மஜா பாபி. ஏன் கொட்டினேள்?

— நேத்திக்கு ராத்திரி கிரகணம். சனிக்கிழமையே இவர் டைப் அடிச்சு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டின காகிதம் இதோ இருக்கு. “கிரகண நியமங்கள்.” நாலாவதை வாசிங்கோன்னா.

— அது இப்போ சம்பந்தமில்லாதது.

— வாசி வைத்தி. விசாரணைன்னு உக்காந்தா எல்லாத்தையும் வாசிக்கணும்.

— “கிரகணம் விட்டபின், வீட்டில் சேமித்துவைத்த ஜலம் அனைத்தையும் விலக்கின்றிக் கொட்டி, பாத்திரங்களைத் தேய்த்து, புது ஜலம் பிடிக்கவேண்டும்.”

— கீழே கையெழுத்து?

— என்னோடதுதான். ஆனா அது குடிக்கற ஜலம், குளிக்கற ஜலம்! உயிர் இருக்கற தொட்டியைச் சேர்த்தா சொல்லுவேன்?

— முப்பத்தஞ்சு வருஷமா கிரகணத்துக்குக் கிரகணம் இந்தாத்து டிரம்மைச் சாய்ச்சுத் தேய்ச்ச கை இது. ஒரு தடவை சொம்புல அரை டம்ளர் ஜலம் மிச்சம் வெச்சேன்னு உங்கம்மா எங்கிட்ட ரெண்டு நாள் பேசலை. நீங்க நாலு நாள் பேசலை. விலக்கின்றின்னு எழுதினா விலக்கில்லாமத்தான் கொட்டுவேன்.

— வைத்தி, எக்தம் க்ளியர் கேஸ். சர்க்குலர் உன்னோடது.

— சர்க்குலருக்கு ஒரு நோக்கம்னு உண்டு ஜம்பு. பேங்க்ல முப்பது வருஷம் நான் போடாத சர்க்குலரா?

— அதையெல்லாம் ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டா. நான் ஒருத்திதான் படிச்சேன். அதுக்கு இந்த விசாரணை.

— உனக்கு எல்லாமே விளையாட்டு. அந்தக் குஞ்சோட அப்பன் எப்படி இருந்தது தெரியுமா ஜம்பு? மண்குழாய்க்குள்ளே முட்டையை வெச்சுண்டு, வாலால விசிறிண்டு, ஒரு வாய் ஆகாரம் இல்லாம, ஏழு நாள் நகரலை. பெத்த கடமைன்னா அது!

— பெத்த கடமை! யார் வாயிலேருந்து வரது பாருங்கோ அண்ணா. எங்க ஹரிதாவோட குழந்தைக்கு ஏழு மாசம். அதுக்கு எத்தனை பல்லுன்னு இந்தத் தாத்தாவைக் கேளுங்கோ. மீன் குஞ்சுக்கு எத்தனை வரின்னு கேளுங்கோ, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் சொல்லுவார்.

— அந்த விஷயம் இந்த மனுவுல இல்லை.

— இல்லைதான். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தனிக் காகிதம் எழுதியாச்சே. “மீன் தின்கிற வீட்டின் வாசற்படியை மிதிக்கமாட்டேன், இப்படிக்கு வைத்தீஸ்வரன்.” பொண்ணு கல்யாணத்துக்கு இவர் செஞ்ச சீர் அதுதான். எழுதினவரோட ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கோ, தேங்காத் துருவலுக்குப் பக்கத்துல ரத்தப்புழு! சுவாமி அலமாரிக்குக் கீழே பாட்டிலைக் கவுத்து வெச்சு, உப்பு ஜலத்துல இறால் முட்டை பொரிக்கறார். சந்தியாவந்தனம் பண்ணிட்டு நேரே இறால்கிட்டதான் வரார்.

— அது குஞ்சுக்கு ஆகாரம். நான் தின்னேனா?

— மாப்பிள்ளை பேச்சிராஜா மட்டும் மீனை உங்க வாயிலயா கொண்டுவந்து போட்டார்?

— வைத்தி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. ஹால்ல இருக்கற நாலடித் தொட்டி அந்தப் பேச்சிராஜா பட்டறையில ஒட்டினதுதானே? தாராவிலேருந்து டெம்போவுல அவன்தானே கொண்டுவந்தான்? லிஃப்ட்ல நுழையலைன்னு மாடிப்படி வழியா முதுகுல ஏத்தினானே.

— நல்ல தொட்டி. நாலு வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகலை. நான் இல்லைங்கலையே.

— தொட்டி உசத்தி, ஒட்டின கை தீட்டு. இதையும் எழுதிக்கோங்கோ.

— போறும்! என்னை என்ன வேணா சொல்லு. பதிமூணு உசுர், பத்மஜா. முந்தாநாள்தான் முதல் தடவையா என் கை நிழலைப் பார்த்து ஓடாம நின்னு சாப்பிட்டது. காலம்பற சாக்கடை மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குனிஞ்சு, மண்டி போட்டு... ஒண்ணு, ஒண்ணாவது இருக்காதான்னு.

— பாபி, போறும். இனிமே இழுக்காதேங்கோ. ஆளுக்கு பி.பி. ஏறறது. சொல்லிடுங்கோ.

— என்ன சொல்லணும்? ஜம்பு, உனக்கு என்ன தெரியும்?

— கேட் சாவி எங்கிட்டதானே இருக்கு தோஸ்த். அஞ்சு மணிக்கு ஸ்கூட்டரை உள்ளே விட்டது நான்.

— யார் ஸ்கூட்டர்?

— மாப்பிள்ளையோடது. நீங்க ஃபைவ் கார்டன்ஸ்ல நடக்கப் போனதும் வந்தார். ரெண்டு கேன், பேட்டரியில ஓடற காத்து பம்பு. “அத்தே, தொட்டித் தண்ணியும் கொஞ்சம் சேத்து எடுத்துக்கிடுதேன், புதுத் தண்ணியில விட்டா ஒண்ணுகூடத் தேறாது”ன்னார். வலை போட்டா முள்ளு மாட்டிக்கும்னு கிண்ணத்தால மொண்டு, பதிமூணையும் எண்ணி எடுத்தார். அவர் போனதும் மிச்ச ஜலத்தைக் கொட்டித் தொட்டியைத் தேய்ச்சுக் கவுத்தேன். நியமமும் கெடலை. எல்லாம் மான்குர்த்துல அவா ஆத்துல இருக்கு, ஹீட்டர் போட்ட தொட்டியில. ஃபோட்டோகூட வந்திருக்கு.

— காட்டு.

— முதல்ல விசாரணை முடியட்டும்.

— காட்டுன்னேன்! ... பத்து, பதினொண்ணு... கல்லுக்குப் பின்னாலே ஒரு வால்... பதிமூணு. ஈஸ்வரா! ஹீட்டரை ஏன் இந்த மூலையில வெச்சிருக்கான்? நாலு வேளை ஆகாரம் போடணுமே, அவனுக்குத் தெரியுமா?

— தெரியும். ஆனா ஏழு மணிக்குப் பட்டறைக்குக் கிளம்பிடுவார். ஹரிதாவுக்கு லேப்டாப்புல மீட்டிங், இடுப்புல குழந்தை.

— அப்போ யார் போடுவா? பட்டினி கிடக்குமா? உடனே திருப்பிக் கொண்டுவரச் சொல்லு.

— இந்த வயசுல ரெண்டாந்தடவை இடம் மாத்தினா தாங்குமா, தாங்காதா? நீங்கதான் சொல்லணும்.

— ... தாங்காது. ஒரு அங்குலமாவது வளரணும். மூணு மாசம் ஆகும்.

— அப்போ பேனாவை எடு வைத்தி. நான் சொல்றேன், எழுது.

— நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் இருக்கே ஜம்பு. வாசற்படியை...

— மிதிக்க மாட்டேன்னுதானே? தாண்டிப் போ. ச்சலோ, எழுது.

— ... எழுதியாச்சு. வாசிக்கறேன். “தீர்மானம். ஓர் அங்குலம் வளரும்வரை குஞ்சுகள் மான்குர்த்தில், மாப்பிள்ளை பேச்சிராஜாவின் வீட்டிலேயே இருக்கும். மனுதாரர் இன்று மாலைக்குள் அங்கே சென்று, மூன்று மாதம் தங்கி, நாள்தோறும் நான்கு வேளை ஆகாரம் போடுவார். இடைப்பட்ட நேரத்தில் பேரக்குழந்தையை வைத்துக்கொள்வார்.” சரி. பத்மஜா, நம்ம ரெண்டு பேர் துணியையும் ஒரே பெட்டியில வெச்சுடு.

— பேனாவை மூடாதேங்கோன்னா, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. எழுதுங்கோ: “பத்மஜா உடன் செல்லமாட்டார். மூன்று மாதமும் அவர் இந்த வீட்டில் தனியாக இருப்பார். இந்த ஏற்பாட்டை அவர் செய்தது அதற்காகத்தான்.”