ஒரே நாளில் சேர்ந்தவர்கள்

— உள்ள வந்து உட்காருன்னு சொன்னது என் பொண்டாட்டி, பரசு. நான் சொல்லல.

— இருபது வருஷம் கழிச்சு வந்திருக்கேன் வீராசாமி. ஒரு வாய் தண்ணி கொடுக்கக் கூடாதா?

— எஸ்.பி. ஐயாவுக்கு எங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்குமா? எழுபத்திரெண்டுல ஒரே நாள்ல எஸ்.ஐ.யா சேர்ந்தோம். நீ எஸ்.பி.யா ரிடையர் ஆன, நான் அதே எஸ்.ஐ.யா வெளிய வந்தேன். இப்போ காலேஜ்ல வாத்தியாரு வேற! உன் காலேஜுக்குப் போற ஏனாத்தூர் பஸ்ல பசங்க உன் பேச்சே பேசிக்கினு வருதுங்கப்பா. கேக்க முடியாம பாதியிலயே இறங்கிட்டேன்.

— அவ்ளோ எரிச்சலா?

— பேப்பர்ல உன் போட்டோ வந்தா, அந்தப் பக்கத்துலதான் வடையை வெச்சு எண்ணெய் பிழிவேன். போதுமா?

— நாளைக்கு என் க்ளாஸுக்கு நீ வரணும்.

— உனக்குக் கை தட்டவா?

— முனிசாமி கேஸை முழுசா பாடமா நடத்தப் போறேன்.

— அந்தப் பேரை நீ எடுக்காத! தறியில இருந்த மனுஷனை இழுத்தாந்து, திருட்டுப் போன சரிகை அவர் வீட்லதான் இருந்துச்சுன்னு பொய் எழுதுனீங்க. நான் கையெழுத்துப் போடல, என்னைக் கண்ட்ரோல் ரூம்ல தூக்கிப் போட்டாங்க. நீ கையெழுத்துப் போட்ட. உனக்கு மெடல்.

— அவருக்கு மூணு வருஷம் ஜெயிலு. அப்புறம்தான் நிஜத் திருடன் ஆரணியில மாட்டினான்.

— அப்பவாவது மெடலைத் திருப்பிக் கொடுத்தியா?

— இல்ல.

— பசங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தருவியா?

— போன வாரமே சொல்லிட்டேன், நான் கையெழுத்துப் போட்டேன், கூட இருந்த எஸ்.ஐ. போடலன்னு. ஒரு பொண்ணு எழுந்து, "போடாத எஸ்.ஐ. என்ன ஆனாரு சார்?"னு கேட்டுச்சு.

— ஓஹோ. அதுக்கு நான் வந்து நிக்கணுமா? உன் பாவத்தைக் கழுவிக்க என் கையிலயே சொம்பைக் கொடுக்கிறியா? மெடலும் உனக்கு, மன்னிப்பு கேட்ட பேரும் உனக்கா? எழுந்து போப்பா.

— போறேன். ஆனா உன்னைக் கூப்பிடச் சொன்னது நான் இல்ல.

— பின்ன?

— முனிசாமி வீட்டுக்குப் போய், பசங்க முன்னாடி வந்து பேசுங்கன்னு கெஞ்சினேன். தறியை நிறுத்திட்டுச் சொன்னாரு.

— என்ன சொன்னாரு?

— "எனக்குத் தெரிஞ்ச போலீஸ் ஒருத்தர்தான், வீராசாமி ஐயா. அவரு பக்கத்துல உட்கார்ந்தா வரேன்."