வானொலியை இன்று யார் கேட்கிறார்கள்?

மேல்கோட்டை பஸ் மைசூரை விட்டுக் கிளம்பியதுமே முன் சீட்டில் ஓர் அம்மாள் சொன்னார்: "மைக் செட்காரரை மட்டும் மேடையில ஏத்தவே கூடாது, ரமேஷ்."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

அவர் கல்லூரிப் பேராசிரியை. பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த ரமேஷ் அவர் துறையிலேயே விரிவுரையாளர். ஒலிபரப்பு, மின்னணு ஊடக மாநாட்டுக்கு அன்று மாலைக்குள் ஓர் அமர்வை முன்மொழிந்தாக வேண்டும்.

"தலைப்பு போட்டாச்சு மேடம். 'வானொலியை இன்று யார் கேட்கிறார்கள்?' பேச நாலு பேர் வேணும். நீங்க, நான், ஹெச்.ஓ.டி., மூணு பேர்தான் ஆகுது."

"இந்த மூணு பேர்ல யார் வீட்ல ரேடியோ இருக்கு?"

"யார் வீட்லயும் இல்ல. அதனாலதான் மைக் செட்காரரைச் சொல்றேன். வேலை செய்யறப்பல்லாம் பக்கத்துல ரேடியோ பாடிட்டே இருக்கும்."

"ஹௌதா, அப்படியா? இருக்கட்டும். ஆனா வேணாம்."

"மேடையில பேச வராதுன்னு நினைக்கறீங்களா?"

"நம்மளவிட நல்லாவே பேசுவார். போன வருஷம் இதே மாநாட்டுல நம்ம அமர்வு நடந்துச்சே, மேடையில நாலு பேர் இருந்தோம். கீழ எத்தனை பேர்?"

ரமேஷ் ஒரு விரலைக் காட்டினார். "ஒருத்தர்."

"யாரு?"

"மைக் செட்காரர். முடிஞ்சதும் மைக்கைக் கழட்டணும்னு உக்காந்திருந்தார்."

"அவரையும் மேல ஏத்திட்டா, கீழ உக்காந்து கேக்கறதுக்கு யாருப்பா இருக்கா?"