வேலி பயிரை மேய்ந்ததைக் கண்டு சொன்ன மருத்துவர் ஞானசௌந்தரி அம்மையாருக்கு

மாண்பமை மருத்துவரே! நுண்ணோக்கியின் முன் நாள்தோறும் குனிந்து, அதிகாரத்தின் முன் ஒருநாளும் குனியாத தாயே! சளியைக் கண்டு சுளிக்காமல், சளைக்காமல், அதற்குள் ஏழைப் பெண்களின் வழக்கைக் கண்டெடுத்த எங்கள் அம்மா! வணக்கம்.

1972இல் இம்மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திற்கு நோய்க்குறியியல் மருத்துவராக வந்தீர்கள். இந்தப் பணிநிறைவு மடலில் உங்கள் பொறுமையைப் போற்றும்படி விழாக்குழு கேட்டுக்கொண்டது. போற்ற மாட்டோம். நீங்கள் பொறுத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ! உங்கள் சினத்தையே போற்றுகிறோம்.

திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில் கருவாட்டைத் தூளாக்கிக் கோழித்தீவனம் செய்யும் ஆலை. அதன் அரவைக் கொட்டகையில் மூட்டை பிடித்த பெண்களுக்கு ஒருவர்பின் ஒருவராக மூச்சிளைப்பு வந்தது. அவர்களுள் ஒருவர் லூர்தம்மாள். அன்றைய தலைமை மருத்துவர் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் ஊசி போட்டார். சளியில் அந்தக் கிருமியே இல்லை என்று நீங்கள் சொல்லியும் ஊசி நிற்கவில்லை.

நீங்கள் கண்டது வேறு. மூச்சுக்குழாயின் உட்சுவராக நெருங்கி நின்று, நுண்மயிர்களால் தூசியை வெளியே தள்ள வேண்டிய செல்கள், கொத்துக்கொத்தாகப் பிய்ந்து சளியில் கிடந்தன. அவற்றை மொய்த்திருந்தவை உடலைக் காக்க வேண்டிய ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள். எங்களை அழைத்துக் காட்டினீர்கள்.

“பாருங்க, வேலியே பயிர மேயுது! மீன்தூளப் பகைன்னு நெனச்சு வந்த அணு கக்குற நஞ்சுல, சொந்தச் சுவரே உரிஞ்சு போவுது. உரிஞ்ச எடத்துல மறுபடி தூசி பட்டா கொழாய் இறுகாம என்ன செய்யும்? அந்த அணுவ அடக்குற மாத்திர குடுக்கணும். இவங்க அந்தக் கொட்டாயில நிக்கவே கூடாது!”

இதையே தலைமை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்: “சளியப் பாத்துட்டு ஆலைய மூடச் சொல்றீங்களாம்மா?” ஊசியில் குணமாகிவிட்டது என்று கையொப்பமிட்டு லூர்தம்மாளை வேலைக்குத் திருப்பி அனுப்பினார். 1981 ஆனியில், கொட்டகை வாசலிலேயே லூர்தம்மாளின் மூச்சு நின்றது. அந்தக் கையொப்பத்தை நாங்கள் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை!

பிறகு விசாரணை என்று ஓர் அதிகாரி வந்தார், ஆலை முதலாளியின் காரிலேயே. நுண்ணோக்கியை அவர் முன் வைத்தீர்கள். “மீன்காரிங்க பொகையில போடுவாங்க, இருமுவாங்க. இதுல பாக்க என்ன இருக்கு?” என்று அவர் எழுந்தார். “கண்ண வச்சுப் பாக்கவே மாட்டேங்கிறவருக்கு விசாரணை எதுக்குங்க?” என்ற உங்கள் குரல் பிரசவ வார்டு வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், திருவேட்டக்குடி மாதா கோயில் வாசலில் நுண்ணோக்கியை வைத்து, அந்தப் பெண்களின் சளியை அவர்களுக்கே காட்டினீர்கள். லூர்தம்மாளின் தங்கை இருதயமேரி நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்க அக்கா நெஞ்சுக்குள்ளயும் இப்புடித்தான் இருந்துச்சா, டாக்டரம்மா?”

“இதவிட மோசமா இருந்துச்சு இருதயமேரி. சொல்லியும் யாரும் கேக்கல.”

மறுநாள் ஒருத்தியும் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. ஆடி முழுதும் அரவை நின்றது. முதலாளி மிரட்டினார், கெஞ்சினார், இறுதியில் இறங்கினார். அரவை இயந்திரத்தைச் சுற்றி அடைப்பு எழுந்தது. தூசியை உறிஞ்சும் விசிறி வந்தது. இளைப்பு கண்டவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. நீங்கள் சொன்ன மாத்திரையில் அவர்கள் மூச்சு சீரானது.

உண்மையைச் சொன்னதற்குப் பரிசாகப் பதவி உயர்வு உங்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. அதைத் தடுத்தவர்கள் இன்று வாழ்த்துத் தந்தி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே அது வாசிக்கப்படாது. ஆலை முதலாளி அனுப்பிய ரோஜா மாலையைச் செவிலி கமர் நிஷா வாசலிலேயே திருப்பிவிட்டார். முன்வரிசையில் இருதயமேரியும் தோழியரும் அமர்ந்திருக்கிறார்கள். உங்களுக்கு அவர்கள் போடும் மாலை போதும்.

இன்னுமொரு கொடுமை! உங்களோடு உங்கள் பணியிடத்தையும் ஒழிக்க ஆணை வந்திருக்கிறது. சளியைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிக் கொள்ளலாமாம். முடிவு வரும்வரை நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம்! அந்த ஆணையைத் திரும்பப் பெறும்வரை, அவசர சிகிச்சை தவிர வேறு பணிக்கு நாளை முதல் நாங்கள் செல்வதில்லை என்று உங்கள் முன்னிலையில் அறிவிக்கிறோம்.

அன்னையே! நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைவாழ்வு வாழ்க! சண்டையை எங்களிடம் விட்டுவிட்டு, இனியேனும் இளைப்பாறுங்கள்.

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள், செவிலியர்
காரைக்கால், 30 ஜூன் 1987