இடது பக்க ஸ்பீக்கர்

“அவர கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி ஒக்கார வெச்சோம்லா. அப்பதான் உண்மை தெரிஞ்சிச்சு.”

தம்போய் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். பேசியவர் மூத்தவர், பேச்சு அவருடைய கணவரைப் பற்றி.

“ஏன்க்கா அப்படி?”

“புது கம்ப்யூட்டர்ல எடது ஸ்பீக்கர் சத்தம் கம்மின்னு ஒரு வாரமா ஒரே ரோதன. கடையில பாத்துட்டு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குன்னுட்டாங்க. மக சொன்னா, திரும்பி ஒக்காருங்கப்பான்னு. ஒக்காந்தாரு. இப்ப வலது ஸ்பீக்கர் கேக்கலங்கிறாரு!”

“அலமாக்! அப்ப அவரு எடது காதுதான்…”

“ஆமா. காருல நான் அவருக்கு எந்தப் பக்கம் ஒக்கார்றேன்? எடது பக்கம். இருபது வருஷமா பேசிக்கிட்டு வர்றேன். அவரும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே ஓட்டுறாரு.”

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “டாக்டர்கிட்ட காட்டலியா?”

“அடுத்த மாசம் காட்டிக்கலாம். இந்த வாரம் ரெங்கத்துலேருந்து என் தம்பி குடும்பத்தோட வந்து தங்குறான்.”

“உங்க வீட்டுக்காரருக்குத்தான் உங்க தம்பிய கண்டாலே ஆகாதே! அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேனே, நேத்து காருல போறப்ப. சரின்னு தலையாட்டினாரு.”