இருபது கிலோவுக்கு மேல்

என் மருமகன் ஜூட் நல்ல பையன், ஐயா. அவனைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. லோடு ஆட்டோ ஓட்டினான். குடிக்க மாட்டான். என் மகள் லின்சியின் முகம் வாட விட்டதில்லை.

என் மனைவி போன பிறகு பொன்மலை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. "நீங்களும் எங்களோட வந்துடுங்க மாமா. உங்கள இங்க தனியா விட்டுட்டு லின்சி அங்க எப்படி நிம்மதியா இருப்பா?" என்றான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவன் நான். எனக்கு எதற்கு ஓசூர்? அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "கஞ்சா கேஸ்ல இருபது கிலோவுக்குக் கீழன்னா ஜாமீன் கிடைச்சுடுங்க. அதுக்கு மேல போனா கஷ்டம். ஆள் குற்றவாளி இல்லைன்னு நம்பறதுக்குக் காரணம் இருக்கணும். வெளியில வந்தா திரும்பச் செய்ய மாட்டான்னும் ஜட்ஜுக்குப் படணும்" என்றார்.

அதனால் இருபதைத் தாண்டியே வாங்கினேன். ஜூட் ஏற்றியிருந்த உர மூட்டைகளுக்கு அடியில் வைத்தேன். லால்குடி சாலையில் அந்த வண்டி வரும் என்று போன் செய்ததும் நான்தான்.

லின்சி என்னோடு இருந்தாள். முதலில் அழுதாள், பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். வாராவாரம் நானே ஸ்கூட்டரில் அவளைச் சிறைக்குக் கூட்டிப் போனேன். அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனதால் ஹைகோர்ட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும், திருச்சியை விட்டுப் போகக் கூடாது, இன்னொரு வழக்கு வந்தால் ஜாமீன் ரத்து. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜாமீன்தாராகக் கையெழுத்துப் போட்டதே நான்தான். "உங்கள என்னைக்கும் மறக்க மாட்டேன் மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஓசூர்க்காரர்கள் இன்னும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரை விட்டுப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டான். எனக்கு மறுபடியும் நடை ஆரம்பித்தது.

இந்தத் தடவை எடை முக்கியமில்லை. சின்னப் பொட்டலம் போதும். அவன் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கொள்ளிடம் பாலத்தில் உங்கள் ஆட்கள் அதை எடுத்ததும், ஜூட் ஆற்றில் குதித்துவிட்டான். வெள்ளம் போன நேரம். அவன் மறுபடி உள்ளே போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். சாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து லின்சி சொன்னாள். "அவருக்குச் சொன்ன வேலைய எனக்குத் தர்றாங்களாம்ப்பா. நாளைக்கு ஓசூர் கிளம்பறேன்." தனியாக பஸ் ஏறவே பயப்படுகிற பெண், ஐயா. அங்கே யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜூட்டின் இரண்டு வழக்கிலும் வாங்கியது, வைத்தது, போன் செய்தது எல்லாம் நான். அப்புறம், லின்சியின் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். புடவைக்கு அடியில் ஒரு பொட்டலம் இருக்கும். காலையில்தான் வைத்தேன், அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். சின்னதுதான், ஜாமீன் உடனே கிடைத்துவிடும். ஊரை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டால் போதும். வாராவாரம் என்னைச் சிறையில் வந்து பார்க்க அவளுக்கும் வசதியாக இருக்கும்.