வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு

இந்த அறையின் ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை இங்கே விழுவது போன்ற வெளிச்சத்துக்காக நாங்கள் வாடகை ஸ்டுடியோ தேடி அலைவோம். நீங்கள் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி உட்கார்ந்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் தெரியாது, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் புத்தி.

வாக்குமூலத்தைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்குத் தோது. பேசினது பேசினதுதான், எழுதினதை அடித்துத் திருத்தலாம்.

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. "நாள் பூரா போன் பாக்கறதுக்குச் சம்பளமா? அப்ப உங்க அம்மாவுக்கு எவ்வளவு பாக்கி வரணும்!" என்பார் அப்பா. சித்தப்பா எனக்கு ஹேஷ்டேக் என்று பெயரே வைத்துவிட்டார். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் "ஹேஷ்டேக்குக்கு இன்னொரு கரண்டி போடு" என்று ஒரு குரல் வரும். நான் செருப்புக் கடைக்கு நாளுக்கு மூன்று வாசகம் எழுதித் தொடங்கியவன். பிறகு பல் மருத்துவர், கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி, மெத்தைக் கம்பெனி. ஒரே மெத்தையைப் பற்றி இருநூறு நாள் இருநூறு விதமாக எழுதியிருக்கிறேன். அந்த இருநூறையும் படித்தவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தம்பி என்பாள், அவ்வளவுதான். முதல் நேர்காணலுக்கு நான் போட்டுப்போன வெளிர்நீலச் சட்டை அவள் தைத்தது. அளவுகூட எடுக்கவில்லை. "உன் தோள் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

விவாகரத்துக்குப் பிறகு நான்காவது மாடி மூலை வீட்டில் தனியாக இருந்து, உள்ளூர்க் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குழாய் வாஷர் மாற்றுவதைத் தானே படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். "பாத்தியா தம்பி, பிளம்பரைவிட நல்லா பண்ணியிருக்கேன்" என்று பின்னால் அவள் சிரிப்பு. அதைப் போட்டுப் பார்ப்போமே என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இப்படித்தான் 'ஒற்றைச் சாவி' பக்கம் பிறந்தது. தனியாக வாழும் பெண், நிம்மதியாக வாழும் பெண். முகப்புப் படத்தில் ஆணியில் தொங்கும் ஒரே ஒரு சாவி. உண்மையில் சாவி இரண்டு. மற்றது என் சாவிக்கொத்தில் இருந்தது.

இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தயவுசெய்து காரணத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். ஒரு வீடியோவில் அவர் கை ஓரமாகத் தெரிந்துவிட்டது. "தனியா இருக்கேன்னீங்க, அது யார் வளையல்?" என்று ஒருத்தர் கேட்க, கமெண்ட் பகுதி முழுக்க அதே பேச்சு. அந்தப் பெண்ணை நிறுத்தினோம். பெரியம்மா மாதம் ஒருமுறை வந்து பத்து நாள் தங்குவார். அவருக்கு முட்டி வலி. பஸ்ஸில் ஆறு மணி நேரம் வரவேண்டும். கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். அவருக்கும் அது சௌகரியம்தான். தெருச் சத்தம் ஒலிப்பதிவைக் கெடுத்ததால் கதவிலும் ஜன்னலிலும் தடித்த ஸ்பாஞ்ச் பலகை ஒட்டினேன். ஒட்டி முடித்ததும் நான் வராந்தாவில் நின்றுகொண்டு, உள்ளே போய்க் கத்தச் சொன்னேன். கத்தினாளாம். எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்து, "தொண்டை போச்சுடா" என்று சிரித்தாள்.

போன் விஷயமும் அப்படித்தான். மோசமான கமெண்ட்களைப் படித்துவிட்டு அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னைக் கேட்காமல், அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள். "செவத்தப் பாத்துப் பேச வேண்டியிருக்கு. யாராவது வந்துட்டுப் போங்களேன்." இருபது நிமிடத்தில் அதை எடுத்துவிட்டேன். மறுநாள் போனை நான் வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு ஆப். அவள் எதை எழுதினாலும், படம் பிடித்தாலும் அது டிராஃப்டாக என் வரிசைக்கு வரும். நான் ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். தொழிலில் இது சாதாரண ஏற்பாடு. பெரிய கம்பெனித் தலைவர்களே இப்படித்தான் பேசுகிறார்கள். அவள் தன் அம்மாவிடம் பேசவேண்டுமென்றால் நான் வாரத்தில் இரண்டு நாள் போனை எடுத்துப்போய்க் கொடுப்பேன்.

"பள்ளிக்கூடத்துல நோட்டு திருத்தற மாதிரி இருக்கு" என்றாள். நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள்.

ஒற்றை ஆள் குடியிருப்பு கட்டும் ஒரு கம்பெனி எங்களைத் தேடி வந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பால்கனி. மூன்று வருட ஒப்பந்தம். அதன் விளம்பரம் முழுவதற்கும் நான் பொறுப்பு. செருப்புக் கடையில் தொடங்கியவனுக்கு இது எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியாது. அப்பாவுக்கே புரிந்தது. அடுத்த விசேஷத்தில் சித்தப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து. அக்கா வரவேண்டியதில்லை. அவர் தனிமையை விரும்புகிறவர் என்று நான் சொன்னதும் அவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது.

அந்த வாரத்துத் திங்கட்கிழமைக்கு என் அட்டவணையில் இருந்தது, தனியாக பல்பு மாற்றுவது.

"ஸ்டூல்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும் தம்பி. வேற ஏதாவது வெச்சுக்கலாமே."

"அதனாலதான்க்கா. நீங்க பயந்துக்கிட்டே ஏறினா, பாக்கறவங்க நம்மாலயும் முடியும்னு நினைப்பாங்க."

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டேப்லெட்டைத் தரையோரம் தாழ்வாக வைத்து, கீழிருந்து மேலே பார்க்கும்படி எடுக்கச் சொல்லியிருந்தேன். உயரம் நன்றாகத் தெரியும். விழுந்தபோது அது அவள் கைக்கு எட்டியது அதனால்தான். இதை யாரும் எனக்குச் சாதகமாகச் சொல்லப்போவதில்லை, நானே சொல்லிவைக்கிறேன்.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு டிராஃப்ட் வந்தது. நான் அந்தக் கட்டுமானக் கம்பெனியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே விற்பனை மேலாளர், தனியாக இருப்பது என்பது ஒரு தைரியம் என்று பேசிக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே படித்தேன். வீடியோ இல்லை, எழுத்து மட்டும். ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டதாகவும், இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை என்றும், வரும்படியும் எழுதியிருந்தது. முதலில் உங்களிடம் சொன்னபோது, அதை ஒரு பதிவுக்கான டிராஃப்ட் என்றுதான் நினைத்தேன் என்றேன். அவள் ஏற்கெனவே ஒருமுறை இப்படிப் புலம்பியவள், அதனால் என்றேன். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.

நான் அதைத் திருத்தினேன். "விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. யாராவது வாங்க." மூன்றே வாக்கியம். உண்மையாக இருந்தது, எந்த அலங்காரமும் இல்லை. புதன்கிழமைக்கு முன்னால் அது வெளியே போனால் ஒப்பந்தம் போய்விடும். கையெழுத்துக்குப் பிறகு போனால், விழுந்தும் எழுந்த பெண் என்று ஒரு புதுத் தொடரே தொடங்கலாம். எங்கள் பக்கத்துக்கு அதிகம் பேர் வருவது வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்துக்குப் போட்டுவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். பிறகு நிமிர்ந்து மேலாளரிடம், ஆமாம், தைரியம்தான் என்றேன்.

நான் போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். போயிருந்தால் ஆம்புலன்ஸ் வரும். மாடிப்படியில் கூட்டம் கூடும், அதில் யாராவது ஒருத்தர் போனைத் தூக்குவார். தனியாக வாழச் சொன்னவள் தனியாகக் கிடந்தாள் என்று ஊரெல்லாம் சிரிக்கும். அவளுடைய இத்தனை நாள் உழைப்பும் அதோடு போகும். இதையெல்லாம் அவளுக்காகவும் சேர்த்துத்தான் யோசித்தேன். கையைக் கட்டிப் போட்டது போல் இருந்தது, மேடம். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் பதிவு முந்தின வாரமே தயாரானது, பெரிய போர்வையை ஒற்றை ஆளாக மடிப்பது பற்றி. அக்கா சிரித்துக்கொண்டே மடிப்பாள். அதன் கீழே பெரியம்மா எழுதியிருந்தார். "போனே எடுக்கலியே கண்ணு. நேத்துல இருந்து அடிக்கிறேன். நல்லாருக்கியா?" போன் என் மேசை டிராயரில் அதிர்ந்துகொண்டிருந்தது உண்மை. எல்லாக் கமெண்டுக்கும் அக்கா பெயரில் பதில் எழுதுவது என் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் எழுதவேண்டும் என்பது நானே வைத்த விதி. எழுதினேன். "நல்லா இருக்கேம்மா. கொஞ்சம் வேலை ஜாஸ்தி. வியாழக்கிழமை பேசறேன்." நாற்பத்து மூன்று பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

பிறகு மருத்துவமனை வராந்தாவில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். "செவ்வாக்கிழமைகூட நல்லா இருக்கேன்னு எழுதினாளேடா. அப்புறம் எப்படி?" நான் கையை விடவில்லை.

புதன்கிழமை காலை எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை. வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்தேன். காலர் கொஞ்சம் நைந்திருந்தது. அக்காவிடம் கொடுத்தால் திருப்பித் தைத்துத் தருவாள் என்று ஒரு கணம் தோன்றியது. நான்கு மணிக்குக் கையெழுத்தானது. மேலாளர் எனக்கும் ஒரு மாதிரிச் சாவி பரிசளித்தார், பித்தளையில். ஐந்தரைக்கு நான்காவது மாடிக்குப் போய் என் சாவியால் கதவைத் திறந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இறந்து அதிக நேரம் ஆகவில்லை, அன்று மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்.

வியாழன் ஏழு மணிப் பதிவை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அவள் போட்டதிலேயே அதிகம் பேரிடம் போனது அதுதான். எத்தனையோ பெண்கள் அதன் கீழே விலாசம் கேட்டிருந்தார்கள். "எங்க இருக்கீங்கக்கா, சொல்லுங்க, இப்பவே வர்றேன்." பலர் நிஜமாகவே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருப்பார்கள் போல. இறந்தவள் எப்படி எழுதினாள் என்ற கேள்வி உங்களுக்கு அங்கேதான் வந்தது.

இன்று காலை நீங்கள் ஒரு தாளை என் முன்னால் வைத்தீர்கள். அந்த ஆப் எல்லாத் திருத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும். நானே தேர்ந்தெடுத்த ஆப், அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை அவள் எழுதினது அப்படியே இருந்தது. "தம்பி, ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டேன். இடுப்புக்குக் கீழ அசைக்க முடியல. சாவி உங்கிட்ட இருக்குல்ல, வா."

ஆமாம். பொதுமக்களுக்கு எழுதுகிறவள் தம்பி என்று தொடங்க மாட்டாள். அந்த வரிசையைப் படிப்பது நான் ஒருத்தன்தான் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் எழுதினாள். அது எனக்கு எழுதியது என்று தெரிந்துதான் 'தம்பி'யை நீக்கினேன். சாவியையும் நீக்கினேன்.

தாளின் அடுத்த பக்கத்தை நீங்கள் இன்னும் திருப்பவில்லை. எப்படியும் திருப்புவீர்கள். நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஒப்புதல் கொடுத்தால் அவளுடைய டேப்லெட்டில் ஒரு பச்சைப் பட்டை வரும். 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. வியாழன், மாலை 7:00.' அவள் அதைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு இன்னொரு டிராஃப்ட் வந்தது. பெரியம்மாவுக்குப் பதில் எழுதுவதற்குக் கொஞ்சம் முன்னால். ஒரே வரி.

"தம்பி, வியாழக்கிழமை வரைக்கும் தாங்காதுப்பா. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவாங்க."

இதைத் திருத்தி எதுவும் செய்வதற்கில்லை. நிராகரித்தேன். நிராகரித்தால் காரணம் சொல்லாமல் அந்த ஆப் விடாது; அதில் மூன்று காரணம் இருக்கிறது. 'நம் பக்கத்துக்குப் பொருந்தவில்லை', 'மீண்டும் எழுதவும்', 'பிறகு பார்க்கலாம்'. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூன்றாவதை அழுத்தினேன். இருந்ததில் அக்காவின் மனம் நோகாதது அதுதான்.